இரவில் பிறந்த சபை!
பதினான்கு பேர் கூடித் தொடங்கிய கொரியத் தேவாலயம்

1887-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி. இருட்டிவிட்டது. கொரியாவின் தலைநகரான சியோலில், கைவிளக்கு வெளிச்சத்தில் சிலர் ஒரு வீட்டை நோக்கி நடந்தார்கள். கதவை மெல்லத் தட்டினார்கள். கதவு திறந்தது.

அந்த வீடு அண்டர்வுட் என்ற அமெரிக்கப் பாதிரியாருடையது. அவருக்கு வயது 28. உள்ளே கூடியிருந்த கொரியர்கள் 14 பேர்.

ஏன் இந்த மறைவு? மதம் மாறுவது அங்கே தலைபோகும் குற்றம்! 1866-இல் தொடங்கிய அடக்குமுறையில் ஆயிரக்கணக்கான கத்தோலிக்கர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். அண்டர்வுட் 1885-இல் வந்தபோதும், வெளிப்படையாகப் பிரசாரம் செய்ய முடியவில்லை. அரசாங்க மருத்துவமனையில் பௌதிகமும் ரசாயனமும் கற்பித்தார்.

மூட்டைக்குள் வேதம்

ஆனால், அவருக்கு முன்பே ஒருவர் விதை விதைத்துவிட்டார். அவர் பெயர் சோ சாங்-ரியுன். ஜின்செங் என்னும் மருந்து வேரை விற்கும் வியாபாரி. மஞ்சூரியாவுக்குப் போன இடத்தில் கடும் நோயில் விழுந்தார். ஸ்காட்லாந்துப் பாதிரிமார் அவரைக் காப்பாற்றினார்கள். அவர்களில் ஜான் ராஸ் என்பவர் பைபிளைக் கொரிய மொழியில் பெயர்த்து வந்தார். சோவும் அந்தப் பணியில் சேர்ந்தார்.

பிறகு புத்தக மூட்டையுடன் தாய்நாடு திரும்பினார். எல்லையில் பிடிபட்டார்! உறவினர் உதவியால் உயிர் தப்பினார். சில பிரதிகளே மிஞ்சின. அவை போதுமானவையாக இருந்தன.

அன்றிரவு கூடிய 14 பேரில் பெரும்பாலோர் அவரால் விசுவாசிகளானவர்கள். ஜான் ராசும் அங்கே இருந்து அதைக் கண்ணாரக் கண்டார்.

பிரஸ்பிட்டீரியன் சபையில் பிஷப் கிடையாது. சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்களே பாதிரியாருடன் சேர்ந்து நிர்வாகம் செய்வார்கள். அதன்படி அந்தச் சின்னஞ்சிறு சபையும் இரண்டு மூப்பர்களைத் தேர்ந்தெடுத்தது.

காலராவும் கோயிலும்

சபை வளர்ந்தது. இடம் போதவில்லை. 'அமெரிக்கப் பணம் வேண்டாம். நாமே கட்டுவோம்' என்று முடிவாயிற்று. உடலுழைப்பே அறியாத படித்த பெரியவர்களும் மண் சுமந்தார்கள்.

1895 கோடையில் காலரா பரவியது. வேலை தடைப்பட்டது. சபையார் அஞ்சி ஓடவில்லை. நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார்கள். அதற்குக் கிடைத்த சம்பளத்தையும் கட்டட நிதியில் போட்டார்கள்! அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ஆலயம் பிரதிஷ்டையாயிற்று.

1907-இல் ஏழு கொரியர்கள் முதன்முதலாகப் பாதிரிமார்களாக அபிஷேகம் பெற்றார்கள். அவர்களில் ஒருவர் சோவின் தம்பி! 1910-இல் சபைக்குச் செங்கல் ஆலயம் எழுந்தது.

சேமுனான் என்பது அந்தச் சபையின் பெயர். 'புது வாசலுக்கு உள்ளே' என்று பொருள். அதன் இன்றைய ஆலயம் 2019-இல் திறக்கப்பட்டது. மெல்லத் தட்டிய கதவு, இன்று பெரிய வாசலாகத் திறந்திருக்கிறது!