கால் தளருதா? முதுகையும் படம் எடுங்க!

கொஞ்ச தூரம் நடந்தா கால் பின்னுது. உட்கார்ந்து எழுந்தா பரவாயில்லை. பாதம் மரத்துப்போய், பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு. ஒண்ணுக்குப் போறதிலும் லேசா சிக்கல்...

அண்ணாகிராமம் ஒன்றியத்துல கரும்புத் தோட்டத்திலும் நெல் வயலிலும் உழைச்சே ஐம்பதைத் தாண்டின ஒருத்தர் இப்படிச் சொன்னால், நாம என்ன பதில் சொல்வோம்? ‘வயசாயிடுச்சுல்ல பெரியப்பா!’ கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்க, ‘டிஸ்க் விலகியிருக்கும்’ என்பார்கள். பல நேரம் அது சரிதான். ஆனால், சிலருக்கு மட்டும் கோளாறு எலும்பிலும் இல்லை, டிஸ்க்கிலும் இல்லை. தண்டுவடத்தின் ரத்தக்குழாயில்!

இதன் பெயர் ‘ஸ்பைனல் டியூரல் ஏவி ஃபிஸ்டுலா’. பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க பாஸ். விஷயம் ரொம்ப சிம்பிள்.

வடிகாலில் ஆறு புகுந்தால்...

நம்ம கடலூர் மாவட்டத்துக்காரங்களுக்கு வெள்ளத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வயல் தண்ணீர் வடிய வேண்டிய வடிகாலில் ஆற்று வெள்ளம் எதிர்த்து ஏறினால் என்ன ஆகும்? வயலில் தண்ணீர் தேங்கும், பயிர் அழுகும். தண்டுவடத்திலும் அதே கதைதான்.

தமனியில் ரத்தம் அழுத்தத்தோடு வரும். சிரை என்பது வடிகால் மாதிரி. இரண்டுக்கும் நடுவில் நுண்குழாய்கள் இருந்து அழுத்தத்தைக் குறைக்கும். தண்டுவடத்தை மூடியிருக்கும் ‘டியூரா’ என்ற உறையில் தமனியும் சிரையும் நேராக ஒட்டிக்கொண்டால், அழுத்தம் அப்படியே சிரைக்குள் பாய்கிறது. தண்டுவடத்து ரத்தம் வடிய வழியில்லாமல் தேங்க, தண்டுவடம் வீங்குகிறது.

வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது பள்ளத்து வயல்தானே? அதேபோல, ஃபிஸ்டுலா எங்கே இருந்தாலும் பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது தண்டுவடத்தின் கீழ்முனை. அதனால்தான் கோளாறு நடு முதுகில் இருந்தாலும் தளர்ச்சி காலில் தெரிகிறது. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம்!

1926-லேயே பிரான்ஸில் ஃபுவா, அலஜுவானின் என்ற இரு மருத்துவர்கள் இப்படிப் படிப்படியாகக் கால் செயலிழந்தவர்களைப் பற்றி எழுதினார்கள். ஆனாலும், காரணம் பிடிபடப் பல வருஷம் ஆனது. தண்டுவடத்தின் மேல் புடைத்திருந்த சிரைகள்தான் குற்றவாளி என்று நினைத்து, அவற்றையே உரித்தெடுத்த காலமும் உண்டு. அதாவது, வெள்ளத்துக்குப் பயந்து வடிகாலையே மூடிய கதை! 1977-ல் லண்டனைச் சேர்ந்த கெண்டல், லோக் இருவரும்தான் ‘ஓட்டை உறையில் இருக்கிறது, அதை அடைத்தால் போதும்’ என்று காட்டினார்கள்.

எம்.ஆர்.ஐ. படத்தில் கறுப்புப் புழுக்கள்

முதல் துப்பு எம்.ஆர்.ஐ.யில் கிடைக்கிறது. ‘டி2’ வகைப் படத்தில் தண்ணீர் வெள்ளையாகத் தெரியும். வீங்கிய தண்டுவடத்தின் உள்ளே வெள்ளைக் கோடு விழும். தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் திரவமும் வெள்ளைதான். அந்த வெள்ளைக்குள், தண்டுவடத்தின் பின்புறம் குட்டிக் குட்டியாகக் கறுப்புப் புள்ளிகள், புழு நெளிகிற மாதிரி தெரிந்தால்... அவை புடைத்த சிரைகள்!

ஏன் கறுப்பு? எம்.ஆர்.ஐ. ஒரு துண்டுப் பகுதிக்கு ரேடியோ அலையை அனுப்பி, கொஞ்ச நேரம் கழித்துப் பதில் சிக்னலை வாங்குகிறது. அந்த இடைவெளியில் ஓடுகிற ரத்தம் அந்தத் துண்டைத் தாண்டிப் போய்விடும். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது க்ளாஸில் இல்லாத ஆள் மாதிரி, பதில் சிக்னல் வராது. படத்தில் கறுப்பு விழும்.

சரி, சிக்கல் எங்கே? ‘கால் வலி, இடுப்பு வலி’ என்று போனால் பெரும்பாலும் எடுப்பது இடுப்புப் பகுதிப் படம். ஆனால், தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் எலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதனால் இடுப்புப் படத்தில் தண்டுவடத்தின் கடைசி நுனி மட்டும், மேல் விளிம்பில் கொஞ்சூண்டு தெரியும். நடுவில் ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருந்தால் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். அந்த வயதில் டிஸ்க் பிதுக்கம் இல்லாதவர்களே குறைவு! மேல் விளிம்பை யாரும் பார்க்கவில்லை என்றால் உண்மையான நோய் தப்பித்துவிடும். சிலர் தேவையில்லாத டிஸ்க் ஆபரேஷன் வரை போயிருக்கிறார்கள்.

கழித்தால் தெரியும்!

சந்தேகம் வந்தபிறகு உறுதி செய்வது ‘டி.எஸ்.ஏ.’ என்கிற ஆஞ்சியோகிராம். தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயை நுழைத்து, முதுகெலும்புக்குப் போகும் கிளைகளை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து மருந்து செலுத்துகிறார்கள். மருந்து போகும் முன் ஒரு எக்ஸ்ரே, போன பின் ஒரு எக்ஸ்ரே. இரண்டையும் கழித்தால் எலும்பெல்லாம் மாயமாகி, ரத்தக்குழாய் மட்டும் மிஞ்சும்! கழிப்பதற்கு முன் ‘லாக்’ எடுக்க வேண்டும். எக்ஸ்ரே உடலுக்குள் அடுக்குக்குறி விதிப்படி மங்குவதுதான் காரணம். லாகரிதம் எதுக்குடான்னு ப்ளஸ் ஒன்ல புலம்பினோமே, இதுக்குத்தான்!

இப்போது எக்ஸ்ரே கருவி நோயாளியைச் சுற்றிவந்து முப்பரிமாணப் படமும் தருகிறது. இதன் கணக்குக்குப் பின்னால் சென்னையோடு தொடர்புள்ள ஒருவர் இருக்கிறார். 1952 முதல் பல ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என்.ராமச்சந்திரன். 1971-ல் அவரும் ஏ.வி.லட்சுமிநாராயணனும், பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரேக்களிலிருந்து உள் வடிவத்தைச் சுலபமாகக் கணக்கிடும் ‘கான்வல்யூஷன்’ முறையை வெளியிட்டார்கள். உலகம் முழுக்க ‘ராம்-லாக் ஃபில்டர்’ என்றால் இவர்கள் இருவரும்தான்!

நம்ம மாவட்டத்துக் கணக்கு

இது அபூர்வ நோய். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு 5 முதல் 10 பேருக்கு வரும் என்பது மருத்துவ நூல்கள் தரும் மதிப்பீடு. 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்கள்தொகை சுமார் 26 லட்சம். பெருக்கிப் பாருங்கள்... ஆண்டுக்கு 13 முதல் 26 பேர். பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலானோர் நடுத்தர வயதைத் தாண்டிய ஆண்கள். அதாவது, நம்ம அப்பா, பெரியப்பா, மாமா. ஒவ்வொருவருக்குப் பின்னாலும் ஒரு குடும்பத்தின் கூலி இருக்கிறது.

நல்ல செய்தி, இதற்கு வைத்தியம் உண்டு. குழாய் வழியாகப் பசை செலுத்தியோ, அறுவை சிகிச்சை செய்தோ ஓட்டையை அடைக்கிறார்கள். சீக்கிரம் அடைத்தால் பலருக்கு நடை தேறுகிறது. தாமதித்தால் இழந்தது திரும்புவது கஷ்டம். சிறுநீர்ப் பிரச்னை தேறுவது இன்னும் கஷ்டம். ஆனால், இந்த நோய் கண்டுபிடிக்கப்படவே பலருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பதுதான் சோகம்.

நீங்க என்ன செய்யலாம்?

வீட்டில் யாருக்காவது கால் தளர்ச்சி மாதாமாதம் கூடுகிறதா? மரத்துப்போவது மேலே ஏறுகிறதா? கூடவே சிறுநீர்ச் சிக்கலா? தைலம் தேய்த்துக் காலம் கடத்தாமல் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பக்கத்திலேயே புதுச்சேரி ஜிப்மர். ஸ்டீராய்டு மருந்தால் இந்த நோய் முற்றியவர்களும் உண்டு என்பதால், காரணம் தெரியாமல் அதைக் கேட்டு வாங்கிப் போடவே கூடாது. பழைய படங்கள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். தயங்காமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

‘டாக்டர், இடுப்பு மட்டும்தான் எடுத்திருக்கு. நடு முதுகையும் ஒரு படம் பார்க்கணுமா?’

தேவையில்லை என்று அவர் சொன்னால் நிம்மதி. தேவை என்று சொன்னால், நீங்கள் கேட்ட அந்தக் கேள்வி ஒருத்தரை நடக்க வைத்திருக்கும்.