மண்ணறிந்த கையும் கற்றறிந்த கண்ணும்

கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலைக் காண வருவோருள் பலர், அதன் தென்மேற்கே அணித்தேயுள்ள மாளிகைமேட்டை எட்டியும் பார்ப்பதில்லை. முதலாம் இராசேந்திரனின் அரண்மனை புதையுண்ட இடம் அது. தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1980-களிலும், பின்னர் 2021 முதலும் அங்கு அகழ்ந்து, செங்கற் சுவர்களையும் கூரை ஓடுகளையும் இரும்பு ஆணிகளையும் சீனப் பீங்கான் துண்டுகளையும் வெளிக்கொணர்ந்தது.

இப்பணியில் மண்வெட்டி பிடிப்போர் பெரும்பாலும் சுற்றுப்புறத்து உழவுத் தொழிலாளரே. கோயில் திருமதிலின் கற்களே 1836-இல் கீழணை கட்டுவதற்காகப் பெயர்க்கப்பட்ட ஊர் இது. சுவரைப் பெயர்த்தெடுத்த பள்ளத்தில் பின்னாளில் நிரம்பிய மண் தளர்ந்தே கிடக்கும். பட்டம் பெற்று வந்த இளைஞர் கண்ணுக்கு அது புலப்படுமுன், நிலத்தில் பழகிய கைக்குப் புலப்பட்டுவிடும். (குருமடத்தில் பல்லாண்டு பயின்று வரும் இளங்குருவுக்குப் பங்கின் நிலவரத்தைக் கற்பிப்பவர் உபதேசியாரே என்பதை நாம் அறிவோமன்றோ!)

ஆயினும், அனுபவம் ஒன்றே போதுமெனக் கூற நாம் முன்வரோம். ஒரு பீங்கான் துண்டு எக்குழியில், எந்த மண்ணடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்பது அன்றே எழுதப்படாவிடில் அதன் வரலாறு அத்தோடு போயிற்று. வெட்டியெடுத்த மண்ணைப் பழையபடி அடுக்கிவைக்க எவராலும் இயலாது.

புதுவையை அடுத்த அரிக்கமேடு இதற்குத் தக்க சான்று. பிரெஞ்சு மறைப்பணியாளர் ஃபோஷோவும் சுர்லோ என்பாரும் 1940-களின் தொடக்கத்தில் அங்கு தோண்டி, அரும்பொருள்கள் பலவற்றைக் கண்டெடுத்தனர். ஆர்வத்திற்குக் குறைவில்லை, அடுக்குவாரியான பதிவுதான் இல்லை. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அதே மேட்டை அடுக்கடுக்காக அகழ்ந்தார். காலம் தெரிந்த இத்தாலிய மட்கலங்களைக் கொண்டு, அவற்றோடு கிடந்த நம் நாட்டு மட்கலங்களின் காலத்தையும் கணித்தார். தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணிப்புக்கு உறுதியான பிடி கிடைத்தது அப்போதுதான். மாணவர்க்கு அது பயிற்சிக்களமாகவும் விளங்கிற்று.

மாணவர்க்கு! குழியில் இறங்கி வெட்டியவர்க்கு? பருவந்தோறும் கூலிக்கு வந்து, குழி மூடியதும் வயலுக்குத் திரும்பும் தொழிலாளியை, "கை நன்று, படிப்பில்லை" என்று கூறி ஒதுக்குவது நமக்கு நியாயமாகத் தோன்றவில்லை. அடுக்கின் நிறம் மாறுமிடத்தில் கையை நிறுத்தவும், கிடைத்த பொருளை அசைக்காமல் ஆழம் அளக்கவும், சீட்டெழுதிக் கட்டவும் கற்பிக்கக் கல்லூரி வேண்டியதில்லை. மாலையில் குழி ஓரத்திலேயே அமர்ந்து, அன்று அவர் வெட்டிய மண்சுவரின் வரைபடத்தை அவருக்கு விரித்துக் காட்ட அரைமணி நேரம் போதும்.