வினைக்கு ஒரு சித்திரம்

மரத்தை எழுது என்றால் எந்தக் குழந்தையும் ஒரு நொடியில் எழுதிவிடும். குடம், மாடு, வீடு எல்லாம் அப்படியே. "கொடு" என்பதை எழுதிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். தேர்ந்த சித்திரக்காரரும் சற்றுத் தயங்குவார். இரண்டு கைகள், நடுவே ஒரு மாம்பழம். நல்லது, இது கொடுப்பதா, வாங்குவதா?

இது வெறும் விளையாட்டு விஷயம் அன்று. மூளை முடக்குவாதத்தால் பேச்சு வராத குழந்தைகள் பலர் படங்களைத் தொட்டுக் காட்டியே தம் கருத்தைத் தெரிவிக்கிறார்கள். அந்தப் பலகையில் சோறு, தண்ணீர், பந்து என்று பொருள்கள் மாத்திரம் இருந்தால் குழந்தை எதையாவது கேட்கலாமே ஒழிய, மறுக்க முடியாது. மறுப்பதற்கு வினை வேண்டும். வலிக்கும்படி கையைப் பிடித்திருப்பவரிடம் "விடு" என்று சொல்ல வகையில்லாத குழந்தையின் நிலையை நேயர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்து, யுத்த காலத்தில் ஷாங்காயில் அகதியாய்த் தங்கிய சார்லஸ் பிளிஸ் என்பவர், சீன எழுத்துக்களைக் கண்டு வியந்து, ஒரு சித்திர எழுத்தையே உண்டாக்கினார். ஆஸ்திரேலியாவிலிருந்து 1949-ல் நூலும் வெளியிட்டார். அவருடைய முறையில், ஒரு குறியின் தலைமேல் சிறு கூரை போன்ற கோடு இட்டால் அது வினையாகிவிடும். இருபது ஆண்டுகள் அதை ஏறெடுத்துப் பார்ப்பார் அதிகம் இல்லை. 1971-ல் டொராண்டோவில் ஊனமுற்ற குழந்தைகளுக்கான நிலையம் ஒன்று அதைக் கையில் எடுத்த பிறகே அதற்கு விமோசனம் வந்தது. சாமர்த்தியமான ஏற்பாடுதான், ஆனால் அந்தக் கூரையைக் கற்பித்தால்தான் தெரியும், பார்த்த மாத்திரத்தில் விளங்காது. 1972-ல் மியூனிக் ஒலிம்பிக் பந்தயங்களுக்கு ஓட்டல் ஐகர் எழுதிய குறிகளோ எந்தப் பாஷைக்காரருக்கும் விளங்கின. வட்டத் தலை, நான்கு அவயவங்கள், அவ்வளவே. ஒவ்வோர் ஆட்டத்திலும் உடம்பு வளையும் சரியான கணத்தை அவர் பிடித்துவிட்டார்.

நம் சென்னையில் அஜித் நாராயணன், வித்யா சாகர் ஸ்தாபனத்துப் பிள்ளைகளுடன் பழகி, படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் "ஆவாஸ்" கருவியை அமைத்தார். பின்னர் 2013-ல் அவர் விளக்கிய முறையில் வினையே வாக்கியத்தின் நடு. யார், எதை, எப்போது என்ற கேள்விகள் அதிலிருந்து கிளைக்கின்றன. நம் இலக்கணம் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

வா, தா என்பவை தன்மை முன்னிலைகளை நோக்கியவை. செல், கொடு என்பவை படர்க்கையை நோக்கியவை என்று தொல்காப்பியர் வகுத்திருக்கிறார் அல்லவா? திசைதான் இங்கே பொருள். ஆகவே பேசும் குழந்தையின் உருவத்தை மட்டும் மையால் நிரப்பிக் கறுப்பாக்கி, மற்றவரை வெறும் கோடாக விட்டுவிடலாம். மாம்பழம் கறுத்த உருவத்தை நோக்கி வந்தால் "தா". விலகிச் சென்றால் "கொடு". மாம்பழச் சிக்கல் இவ்வளவில் தீர்ந்தது.

கடையில் விற்கும் அட்டைகள் வேறொரு தொல்லை. "தூங்கு" என்பதற்குக் கட்டிலும் மூன்று ஆங்கில எழுத்துக்களும்! "குடி" என்பதற்கு உறிஞ்சுகுழல். "துவை" என்பதற்கு இயந்திரம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வரும் பிள்ளைக்கு இவை என்ன சொல்லும்? பாயில் ஒருக்களித்த உருவம், அண்ணாந்த முகத்தின் மேல் சரிந்த செம்பு, கல்லின்மேல் ஓங்கிய துணி, இவற்றை நாம் எழுதினால் போதும். எழுதியதைச் சோதிக்கும் வழியும் எளிது. படத்தைக் காட்டி, "என்ன?" என்று கேளுங்கள். "செம்பு" என்று பதில் வந்தால் செம்பைச் சிறிதாக்கி முகத்தைப் பெரிதாக்குங்கள். "குடிக்கிறான்" என்று வரும்வரை அழிப்பானைக் கீழே வைக்க வேண்டாம்.

"ஓடு", "உட்கார்", "விடு" எல்லாம் இவ்விதம் வசப்பட்டுவிடும். "நினை", "மற" ஆகியவை அவ்வளவு எளிதில் வசப்படுவதில்லை. அவற்றுக்குப் பிள்ளைகளிடமே பென்சிலைக் கொடுத்துப் பார்க்கலாம்.