10:42-ல் நின்ற மணி

எங்கள் தெருத் தம்பி ஒருவன் ஓசூர் சிப்காட்டில் டிசைன் வேலை பார்க்கிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லேப்டாப்பை மூடாமல் அப்படியே கையில் ஏந்திக்கொண்டு வந்தான். திரையின் மூலையில் மணி 10:42. அவன் கைக்கடிகாரத்தில் 11:05. மவுஸ் அசையவில்லை, ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, 8 ஜிபி ரேம் பத்தலன்னு பெங்களூரு எஸ்.பி. ரோடு போயி இன்னொரு 8 வாங்கிப் போட்டேன். அப்போலேர்ந்து அரை மணிக்கொருக்கா ஹேங் ஆகுது. விண்டோஸ ரெண்டு தடவ போட்டும் பாத்துட்டேன்."

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டோம். மணி சரியாக 11:07 காட்டியது! மற்றதெல்லாம் முடங்கிக் கிடந்தாலும், நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம் உள்ளே நேரத்தை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. ஓசூர் டைட்டன் ஆலையின் குவார்ட்ஸ் கடிகாரத்தில் துடிப்பதும் இதே வகைப் படிகம்தான்.

ரேமின் கதை வேறு. அது ஓட்டைக் குடம்.

1966-ல் ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டெனார்டுக்கு ஒரு யோசனை வந்தது. சிப்பில் ஒரு பிட்டைச் சேமிக்க அதுவரை பல டிரான்சிஸ்டர்கள் தேவைப்பட்டன. ஒரே ஒரு டிரான்சிஸ்டரும், மின்னூட்டத்தைப் பிடித்து வைக்க ஒரு நுண்ணிய கெப்பாசிட்டரும் போதாதா? குடம் நிறைந்திருந்தால் 1, காலியென்றால் 0. 1968-ல் காப்புரிமை கிடைத்தது. இன்றைய ரேம் எல்லாம் அந்த வழி வந்ததுதான். 8 ஜிபி ஸ்டிக் ஒன்றில் இப்படி 6,871 கோடிக்கும் மேல் குடங்கள். சிக்கல் என்னவென்றால், எல்லாமே ஒழுகும். அதனால் டிடிஆர்4 வகை ரேமில் 64 மில்லிநொடிக்குள் ஒவ்வொரு வரிசையையும் படித்து மறுபடி நிரப்பியாக வேண்டும். நொடிக்குப் பதினைந்து தடவைக்கும் மேல். போதாக்குறைக்கு, படித்தாலே குடம் காலியாகிவிடும், படித்ததைத் திரும்ப ஊற்ற வேண்டும். நாம் ஒரு எழுத்தைத் தட்டுவதற்குள் உள்ளே இத்தனை நீர் இறைப்பு! சூடு ஏறினால் ஒழுகலும் கூடும்; 85 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு வேகத்தில் நிரப்ப வேண்டும்.

நேரக் கணக்கோ இன்னும் கறார். டிடிஆர்4-3200 ரேமில் ஒரு தடத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 0.3125 நானோநொடி. அதற்குள் ஒளியே ஒன்பது சென்டிமீட்டர்தான் போகும், அரைச் சாணுக்கும் கொஞ்சம் குறைவு. செம்புத் தடத்தில் ஓடும் சிக்னல் அதில் பாதி தூரம்தான் போகும். எல்லா பிட்டும் ஒன்றாய் வந்து சேர வேண்டுமென்றுதான், சில போர்டுகளில் ரேம் பக்கத்துத் தடங்கள் பாம்பு போல வளைந்து நெளிகின்றன. குட்டையான தடத்தை வேண்டுமென்றே சுற்றவிட்டு நீளத்தைச் சமன் செய்கிறார்கள்.

ஒவ்வொரு ஸ்டிக்கிலும் அதன் வேகத்தையும் குணத்தையும் எழுதிவைத்த குட்டி சிப் ஒன்று உண்டு, ஜாதகம் மாதிரி. லேப்டாப் எழுந்ததும் இரண்டு ஜாதகத்தையும் பார்த்து, மெதுவாகப் போகிறவருக்கு ஏற்ப இருவரையும் ஓட்டும். பெரும்பாலும் பொருந்திவிடும். பொருந்தாமலும் போகும்.

தம்பி விண்டோஸைச் சந்தேகப்பட்டதில் நியாயமில்லை. ரேமில் இருக்கும் ஒரு படத்தில் ஒரு பிட் 0-வுக்கு 1 என்று புரண்டால் ஒரு புள்ளியின் நிறம் மாறும், அவ்வளவுதான். விண்டோஸின் கருவில் புரண்டால் மொத்தமும் அப்படியே நின்றுவிடலாம்.

சார்ஜரைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, பேட்டரி ஒயரை உருவினோம். ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னேன். தைக் குளிரில் ஸ்வெட்டரில் எழும் சடசட மின்சாரம் சிப்பைக் கொன்றுவிடலாம். புது ஸ்டிக்கைச் சாய்வாகப் பார்த்தால், ஒரு ஓரத்தில் மட்டும் மெலிதாகப் பொன்வரி தெரிந்தது. 260 முனைகளில் சில முழுசாக உட்காரவில்லை. குளிர்ச்சியாக இருக்கும்வரை எப்படியோ தொட்டுக்கொண்டிருக்கும். சூடேறி எல்லாம் விரியும்போது மயிரிழைத் தொடர்பு விட்டுப்போகும். அந்த அரை மணிக் கணக்கு இதுதான்.

"ரப்பர் போட்டுத் தேய்க்கட்டுமா?" என்றான். வேண்டாம். ரப்பர் போட்டுச் சரியானது என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் சரியானது, கழற்றி மாட்டியதால்தான். பொன்பூச்சு ரொம்ப மெல்லிசு, தேய்த்தால் போய்விடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணி போதும். சாய்வாகச் செருகி, பொன்வரி மறைந்ததும் கீழே அழுத்தினான். இரண்டு பக்கமும் 'டிக்'.

அன்றிரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவிலிருந்து விடிய விடிய ஓடவிட்டோம். பிழை பூஜ்யம்.

உங்கள் வீட்டில் இதே தொல்லை என்றால், பழைய ஸ்டிக்கை மட்டும் போட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். அடுத்து அதே ஸ்லாட்டில் புதியதை மட்டும். தனித்தனியே நன்றாக ஓடி, சேர்த்துப் போட்டால் மட்டும் நின்றால், ஜாதகம் பொருந்தவில்லை, அல்லது இரண்டாவது ஸ்லாட்டில் கோளாறு. ஒரே ஸ்டிக்கை அங்கே மாற்றிப் போட்டால் தெரிந்துவிடும். புதியதைத் தனியாகப் போட்டு மெம்டெஸ்ட் ஓட்டும்போது ஒரே ஒரு பிழை வந்தாலும் யோசிக்காதீர்கள். பில்லை எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்கே பஸ் ஏறுங்கள்.