நெடுவழிக் குதிரைப் பயணம்: மூட்டை கட்டும் முறை



நம் தோட்டத்துக் கோவில்களில் மதுரை வீரனைக் குதிரை மேல் பார்த்திருக்கிறோம். கையில் வாள் இருக்கும். மீசை முறுக்கி நிற்கும். ஆனால் சேணத்தில் ஒரு பைகூடத் தொங்காது. சாமிக்கு மாற்றுத் துணியும் சோறும் தேவையில்லை. மனிதன் குதிரையேறி நெடுந்தூரம் போவதென்றால் அப்படி முடியாது. உடுக்கவும் உண்ணவும் படுக்கவும் வேண்டியவற்றைக் கட்டிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். அந்த மூட்டையை எப்படிக் கட்டுவது, அதற்குமுன் குதிரையை எப்படி ஆயத்தப்படுத்துவது என்பதை இன்று பார்ப்போம்.

இது எங்கோ அயல்நாட்டில் நடக்கும் காரியம் என்று எண்ண வேண்டாம். நெடுந்தூரக் குதிரையோட்ட உலகப் போட்டி 2008-ஆம் ஆண்டில் நம் மலேசியாவிலேயே, திரெங்கானு மாநிலத்தில் நடைபெற்றது. ஒரே நாளில் 160 கிலோமீட்டர் ஓட வேண்டும். இந்தப் போட்டியில் விந்தையான விதி ஒன்று உண்டு. வழியில் பல இடங்களில் குதிரையை நிறுத்தி, கால்நடை மருத்துவர் சோதிப்பார். குறித்த நேரத்துக்குள் அதன் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 64 அளவுக்கு இறங்க வேண்டும். நடையில் நொண்டலும் இருக்கக்கூடாது. முதலில் எல்லையைத் தொட்ட குதிரையேயானாலும், நலமாக இல்லையென்றால் வெற்றி கிடையாது. முதலில் வந்தால் மட்டும் போதாது. சுமந்து வந்த பிராணி நலமாக வந்து சேரவேண்டும்.

ஆகவே முதல் ஆயத்தம் குதிரைக்குத்தான். லாயத்தில் சும்மா நின்ற குதிரையைத் திடீரென்று நெடுவழிக்கு இழுத்துப் போகக்கூடாது. பல வாரங்களுக்கு முன்பே சிறு தூரத்தில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி, இடையிடையே ஓய்வும் கொடுத்துப் பழக்க வேண்டும். லாடம் அடிப்பதைப் புறப்படும் நாளுக்குத் தள்ளிப் போடாமல் சில நாட்களுக்கு முன்பே முடிக்க வேண்டும். ஆணி எங்காவது உறுத்தினால் வீட்டிலேயே தெரிந்துவிடும். தீவனத்தையும் சட்டென்று மாற்றலாகாது. பழகாத தீனி குதிரைக்குக் கடும் வயிற்றுவலியைக் கொண்டுவரும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். குதிரை சாதாரண நாளிலேயே 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடியது. நம் நாட்டு வெயிலில் வியர்வையோடு உப்பும் போய்விடும். எனவே வழியில் தண்ணீர் எங்கெங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு, உப்பும் எடுத்துச் செல்ல வேண்டும்.

அடுத்தது எடை. ஏறுபவர், சேணம், மூட்டை எல்லாம் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. ஏறுபவர் 60 கிலோ, சேணம் 10 கிலோ என்றால் மூட்டைக்கு மிஞ்சுவது பத்தே கிலோதான். அதனால் அனுபவசாலிகள் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்து, இது இல்லாமல் முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கழிப்பார்கள்.

கட்டும் முறையை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோளில் கம்பு வைத்து இருபக்கமும் பால்வாளி சுமந்தவர்களுக்கு ஒரு வாளி கனத்தால் என்ன ஆகும் என்று தெரியும். குதிரைக்கும் அதே கதிதான். ஒரு பக்கம் பாரம் கூடினால் சேணம் சரியும். சரிந்த சேணம் முதுகைத் தேய்த்துப் புண்ணாக்கும். இரு பைகளையும் நிறுத்துப் பார்த்துச் சமன் செய்ய வேண்டும். கனமானவை அடியில் இருக்கட்டும், சேணத்தை ஒட்டியே இருக்கட்டும். குதிரையின் இடுப்புப் பக்கமாகப் பின்னால் குவிக்கக்கூடாது. சேணத்தின் அடியில் விரிக்கும் துணியில் ஒரு மடிப்போ மணலோ இருந்தாலும் மாலைக்குள் புண் வந்துவிடும். மழைச்சட்டை மேலாக இருக்கட்டும். கத்தி, தீப்பெட்டி, மருந்து, பணம் ஆகியவற்றைப் பையில் வைக்காமல் உங்கள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். குதிரை மிரண்டு ஓடிவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது அவைதான்.

இப்படிப் பார்த்துப் பார்த்துப் போனவர் எவ்வளவு தூரம் போகலாம்? சுவிட்சர்லாந்தில் பிறந்த சிஃபேலி என்ற பள்ளி ஆசிரியர் 1925-இல் அர்ஜென்டினாவிலிருந்து புறப்பட்டு 1928-இல் அமெரிக்காவின் நியூயார்க்கை அடைந்தார். தூரம் ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர். மான்சா, காட்டோ என்ற அவருடைய இரு குதிரைகளும் புறப்படும்போதே பதினைந்து வயதைத் தொட்டவை, இளங்குதிரைகள் அல்ல. ஒன்றில் அவர் ஏறினால் மற்றொன்று மூட்டையைச் சுமக்கும்; பிறகு மாற்றிக்கொள்வார். மலையும் பாலைவனமும் தாண்டிய அந்த இரு குதிரைகளும் உயிரோடு ஊர் திரும்பி, 1940-களில்தான் இறந்தன.

நேயர்களே, மெர்கோங் வட்டாரத்தில் நம்மிடம் குதிரை இல்லை. மோட்டார் சைக்கிள் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பினாங்கு நோக்கிப் புறப்பட்டால் பட்டர்வொர்த் வரைக்கும் 90 கிலோமீட்டருக்குக் குறையாது. நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். குதிரைக்காரனின் கணக்கு இங்கேயும் பொருந்தும். டயர் காற்று, பிரேக், சங்கிலி, விளக்கு ஆகியவற்றை முதல் நாளே பாருங்கள். பையை ஹேண்டிலில் தொங்கவிடாதீர்கள். தாழ்வாக, நடுவாகக் கட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி இளைப்பாறுங்கள். கணவன், மனைவி, இரு பிள்ளைகள், பால்குடம் எல்லாம் ஒரே வண்டியில் என்றால், அன்று பஸ்ஸில் போவதே புத்திசாலித்தனம்.

குதிரை களைத்தால் நின்றுவிடும். நின்றாவது நமக்கு உணர்த்தும். வண்டிக்கு அந்த அறிவு கிடையாது. நிறுத்த வேண்டிய இடத்தை நாம்தான் அறிந்திருக்க வேண்டும். சீக்கிரம் போய்ச் சேர்ந்தார்கள் என்பதைவிட, எல்லோரும் நலமாகத் திரும்பி வந்தார்கள் என்பதே நம் வீட்டுக்கு வெற்றி.