தொட்டிலை எட்டும் புகை

வீட்டில் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. கூடத்தில் உத்தரத்திலிருந்து தூளி தொங்குகிறது. குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் கைகால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும் என்று பாட்டி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். வெந்நீர், துவைத்த துணி, கொசுவலை எல்லாம் தயார். தாத்தா மட்டும் அடுத்த அறையில் சன்னலோரமாக உட்கார்ந்து ஒரு சிகரெட்டைப் பற்ற வைக்கிறார். “குழந்தை பக்கத்தில் நான் பிடிப்பதே இல்லை” என்கிறார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் புகை அந்த அறையோடு நின்றுவிடுகிறதா?

இருவகைப் புகை

சிகரெட் எரியும்போது இருவகைப் புகை உண்டாகிறது. புகைப்பவர் உள்ளே இழுத்து, பிறகு வெளியே விடுவது ஒன்று. ஓர் இழுப்புக்கும் மறு இழுப்புக்கும் இடையே, விரலிடுக்கில் கனிந்துகொண்டிருக்கும் முனையிலிருந்து தானாக எழுவது மற்றொன்று. இதைப் பக்கப் புகை எனலாம். அறையில் சேரும் சிகரெட் புகையில் ஏறத்தாழ 85 விழுக்காடு இந்தப் பக்கப் புகையே ஆகும்.

இழுக்கும்போது முனைக்குக் காற்று நிறையக் கிடைக்கிறது. அது நன்கு கனன்று எரிகிறது. சும்மா இருக்கும்போது வெப்பம் குறைந்து, புகையிலை அரைகுறையாக எரிகிறது. ஈர விறகு எரியாமல் புகைந்து கண்ணைக் கரிப்பதை அடுப்படியில் பார்த்திருப்போம். ஏறக்குறைய அதே நிலைதான் இங்கும். எனவே கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா போன்ற பொருள்கள் பக்கப் புகையில் கூடுதலாக இருக்கின்றன. இந்தப் புகைக்கு வடிகட்டியும் கிடையாது.

புகைக்காதவரையும் இது தாக்குமா என்ற ஐயம் நீண்ட நாள் இருந்து வந்தது. ஜப்பானைச் சேர்ந்த தக்கேஷி ஹிராயாமா என்னும் அறிஞர், புகை பிடிக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1981-இல் தம் முடிவை வெளியிட்டார். கணவன் அதிகம் புகைக்கும் வீடுகளில், புகைக்காத மனைவிக்கும் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. அந்த முடிவை அன்று பலர் மறுத்தனர். பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின.

கருவில் இருக்கும்போது

கருவிலுள்ள சிசு மூச்சு விடுவதில்லை. அதற்குத் தேவையான ஆக்சிஜன் தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகத் தொப்புள் கொடிக்கு வருகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தாயின் தமனி இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அழுத்தத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கே சிசுவை வந்தடையும் இரத்தத்தில் இருக்கிறது. இதனால்தான் கருப்பையை எவரெஸ்ட் சிகரத்திற்கு ஒப்பிடுவார்கள் உடலியல் அறிஞர்கள். இயற்கை இதற்கு ஈடுசெய்யும் வழிகளைச் செய்து வைத்திருக்கிறது. ஆனாலும் இழப்பதற்கென்று சிசுவிடம் அதிகம் இல்லை.

புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான பிடிப்புடன் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜன் அமர வேண்டிய இடத்தில் அது அமர்ந்துவிடுகிறது. தாய் சுவாசித்த கார்பன் மோனாக்சைடு நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவின் இரத்தத்திலும் சேர்கிறது. அங்கிருந்து மெதுவாகவே வெளியேறுகிறது. நிக்கோட்டினும் அவ்வாறே கடந்து செல்கிறது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கும் தன்மை உடையது.

தாயே புகைப்பதைவிடப் பிறர் புகையால் வரும் பாதிப்பு குறைவுதான். சராசரியாகப் பார்த்தால் குழந்தையின் பிறப்பு எடை சிறிதளவே குறைகிறது. ஆனால் தாய்க்குச் சத்துக்குறைவும் சோகையும் மிகுந்த நம் நாட்டில், 2.5 கிலோ என்ற எல்லையை ஒட்டிப் பிறக்கும் குழந்தைகள் ஏராளம். அந்தக் குழந்தைக்குச் சிறு குறைவும் பெரிய குறைவே.

பிறந்த பிறகு

பெரியவர் அமைதியாக இருக்கும்போது நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். பிறந்த குழந்தையோ 40 முதல் 60 முறை விடுகிறது. தன் எடைக்குப் பெரியவரைவிட அதிகக் காற்றை அது உள்ளிழுக்கிறது. நுரையீரலின் காற்றுச் சிற்றறைகளில் பெரும்பகுதி பிறந்த பிறகே உருவாகின்றன. மூச்சுக் குழல்களும் மிகக் குறுகலானவை. சிறிது வீங்கினாலும் அடைத்துக்கொள்ளும். மேலும், புகை வருகிறதென்று எழுந்து போகப் பெரியவரால் முடியும். தூளியில் கிடக்கும் குழந்தையால் முடியாது.

அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2006-இல் வெளியிட்ட அறிக்கை, பிறர் விடும் புகையால் குழந்தைகளுக்கு வரும் தீங்குகளைத் தொகுத்துக் கூறுகிறது. மார்ச்சளி, நிமோனியா போன்ற நோய்கள். தொண்டைக்கும் காதுக்கும் இடையிலுள்ள குழல் அடைபடுவதால் வரும் நடுச்செவி நோய். நல்ல நிலையில் இருந்த குழந்தை உறக்கத்திலேயே காரணம் புலப்படாமல் இறந்துபோகும் தொட்டில் மரணம் ஆகியவை அவற்றுள் சில. இந்தப் புகையில் ‘இந்த அளவுவரை தீங்கில்லை’ என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பதும் அந்த அறிக்கையின் முடிவு.

சன்னலும் மின்விசிறியும் போதுமா?

புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இரா. இவ்வளவு நுண்ணிய துகள் அசையாத காற்றில் ஒரு மணி நேரத்தில் சில சென்டிமீட்டரே கீழிறங்கும். அதற்குள் காற்றின் சிறு அசைவும் அதை வீடெங்கும் கொண்டுபோய்விடும். கதவிடுக்கு ஒன்றே போதும். மின்விசிறி புகையை அகற்றுவதில்லை, பரப்புகிறது. சன்னலைத் திறந்தாலோ, காற்று உட்புறமாக வீசும்போது புகையும் திரும்பி உள்ளே வருகிறது. கண்ணுக்குப் புகை மறைந்த பிறகும் துகள்கள் பல மணி நேரம் காற்றில் மிதந்துகொண்டிருக்கும்.

மீதி சுவரிலும், திரைச்சீலையிலும், சட்டையிலும் படிகிறது. அப்படிப் படிந்த நிக்கோட்டின், காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்துடன் வினைபுரிந்து புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களாக மாறுவதை அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தினர் 2010-இல் காட்டினர். குழந்தை முகம் புதைத்து உறங்குவது அந்தச் சட்டையின் மீதுதானே!

யார் சொல்வது?

பொது இடங்களில் புகைப்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் தடை செய்கின்றன. வீட்டிற்குள் சட்டம் நுழைவதில்லை. இந்தியாவில் 2016-17-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் 38.7 விழுக்காட்டினர் வீட்டிலேயே பிறர் புகையைச் சுவாசித்தனர். அதே வீடுகளில்தான் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

“மாமா, வெளியே போய்ப் பிடியுங்கள்” என்று மாமனாரிடம் சொல்லும் துணிவு எத்தனை மருமகள்களுக்கு இருக்கும்? அந்தச் சுமையை அவள்மேல் வைக்கக் கூடாது. சொல்ல வேண்டியவன் அவள் கணவன். சொல்ல வேண்டியவள் கைகால் கழுவச் சொன்ன அந்தப் பாட்டி. வருகிறவர்கள் செருப்பை வாசலில் விடுவதுபோல் சிகரெட்டையும் பீடியையும் வாசலோடு விட வேண்டும் என்பது வீட்டு வழக்கமாகவே ஆகிவிட வேண்டும். புகைத்தே தீரவேண்டும் என்பவர் வாசலையும் சன்னலையும் விட்டு விலகிப்போய்த் திறந்த வெளியில் புகைக்கட்டும். உள்ளே வந்ததும் வாய் கொப்பளித்து, கை முகம் கழுவி, சட்டையை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்கட்டும். பிறக்கும் முன்பும், வயிற்றில் குழந்தையைச் சுமக்கும் பெண் இருக்கும் வீட்டில் இதே கட்டுப்பாடு வேண்டும்.

அடியோடு விட்டுவிடுவது எல்லாவற்றிலும் மேல். அதற்கு உதவ 1800 11 2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உண்டு. சிகரெட் பெட்டியின் மேலேயே அது அச்சிடப்பட்டிருக்கிறது. பேரக்குழந்தையின் முகம் பார்த்து அந்த எண்ணை அழைத்தால், அதன் பயன் தாத்தாவுக்கும் உண்டு.