விட்டு விட்டுத் திக்கும் என்ஜின்: களையெடுக்கும் யந்திரத்தின் கோளாறும் பரிகாரமும்

கரிசல் பூமியில் களையெடுப்புக்குக் காலம் காத்திராது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தி விதைக்கும் விவசாயிக்கு, விதைத்தபின் ஏறத்தாழ முதல் 45 நாட்களே களையை வெல்லத் தக்க நாட்களாகும். மழை பெய்தவுடன் மண் சேறாக ஒட்டும். சில தினங்கள் கழிந்தாலோ கல்லாக இறுகிவிடும். இடையே பதமாயிருக்கும் அந்தச் சில நாட்களில் சங்கத்தின் வாடகை யந்திரம் புஞ்சை நடுவே நின்றுவிடுமாயின், அங்கத்தினருக்கு நேரும் நஷ்டத்தை எந்தக் கணக்கேட்டிலும் எழுதி ஈடுசெய்ய இயலாது.

சில காலத்துக்கு முன் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டபோது, பெட்ரோலில் ஓடும் களையெடுக்கும் யந்திரம் ஒன்றின் பேரில் ஒரே பருவத்தில் மூன்று பழுதுச் செலவுச் சீட்டுகள் இருக்கக் கண்டோம். பிளக் இருமுறையும் கார்புரேட்டர் ஒருமுறையும் மாற்றப்பட்டிருந்தன, கோளாறோ தீரவில்லை. பட்டறையில் சீராக ஓடிய என்ஜின், புஞ்சையில் மண்கட்டிகளின் மேல் குலுங்கும்போது மட்டும் திக்கியது. கைப்பிடியிலுள்ள நிறுத்தும் சுவிட்சின் ஒயர் ஓரிடத்தில் மேலுறை தேய்ந்து, குலுங்கும்போதெல்லாம் இரும்புச் சட்டத்தில் பட்டு விலகியதே காரணமென்று இறுதியில் தெரிந்தது. ஒரு முழம் புது ஒயரோடு தீர்ந்திருக்க வேண்டிய காரியம் அது.

பாவில் இழை அடிக்கடி அறுந்தால், நம் நெசவாள அன்பர்கள் பாவையே மாற்றிவிடுவதில்லை. ஒரே இடத்தில் அறுகிறதா, அச்சில் பிசிறு உண்டா, விழுதில் சிக்கல் உண்டா என்றே முதலில் பார்ப்பார்கள். என்ஜினுக்கும் அந்த முறையே பொருந்தும்.

நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும் நான்கு அடி என்ஜினில் வினாடிக்கு 25 முறை பெட்ரோல் ஆவி தீப்பற்ற வேண்டும். அதற்குத் தக்க அளவில் கலந்த காற்றும் பெட்ரோலும், போதிய அழுத்தமும், உரிய கணத்தில் தீப்பொறியும் தேவை. இவற்றுள் ஒன்று இடையிடையே தவறினால் என்ஜின் திக்கும். எது தவறுகிறது என்பதை, எப்பொழுது தவறுகிறது என்பதைக் கொண்டே அறியலாம்.

குலுங்கும்போது மட்டும் திக்கினால், பிளக் மூடி தளர்ந்திருக்கிறதா, சுவிட்ச் ஒயர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கலப்பைப் பற்கள் சுழலாதபடி கிளட்சை விடுவித்து, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, சுவிட்ச் ஒயரை உலர்ந்த மரக்குச்சியால் அசைத்தால் குற்றம் வெளிப்படும்.

நன்கு சூடேறியபின் திக்கி நின்று, ஆறியபின் மீண்டும் ஓடினால், தீப்பொறி தரும் காயிலைச் சந்தேகிக்கலாம். சூட்டில் அதன் உட்சுருள் தொடர்பறுந்து, ஆறியதும் கூடிக்கொள்வதுண்டு. ஸ்பார்க் டெஸ்டரைப் பொருத்தி, திக்கும் அந்த நேரத்திலேயே பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறியபின் சோதிப்பது வீண். என்ஜினின் குளிர்விக்கும் தகடுகளிடையே சருகும் தூசியும் அடைத்திருந்தாலும் சூடு மிகும்.

சிறிது நேரம் ஓடி நின்று, டாங்கி மூடியைத் திறந்தவுடன் சரியானால், மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது. அதைத் துடைத்தால் போதும்.

நெடுநாள் கிடந்த பெட்ரோலில் திக்கினால், நீர் கலந்திருக்கக் கூடும். இப்பொழுது பெட்ரோலுடன் 20 சதவிகிதம் வரை எத்தனால் சேர்க்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீர் மிகுந்தால் இரண்டும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். டாங்கியையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துப் புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

பாரம் ஏறும்போது திக்கிக் கரும்புகை வந்தால், கரிசல் புழுதி காற்று வடிகட்டியை அடைத்திருக்கலாம். அப்பொழுது பிளக்கிலும் கரி படிந்திருக்கும். சரிவில் மட்டும் நின்றால், என்ஜின் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். ஆயில் குறைந்தால் தானே நின்றுவிடும் அமைப்புச் சில என்ஜின்களில் உண்டு.

ஓர் எச்சரிக்கை. ஓடும் என்ஜினின் பிளக் ஒயரைக் கையால் தொடலாகாது. பெட்ரோல் சிந்திய இடத்தில் தீப்பொறிச் சோதனை செய்யலாகாது. என்ஜினை நிறுத்திப் பிளக் மூடியைக் கழற்றாமல் கலப்பைப் பற்களில் கை வைக்கலாகாது.

ஒவ்வொரு சங்கமும் யந்திரத்தோடு ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தனுப்புதல் நலம். எத்தனை நேரம் ஓடியபின் திக்கியது, சூடா குளிரா, மேடா பள்ளமா, பெட்ரோல் என்று ஊற்றியது என்பவற்றை ஓட்டுபவர் அவ்வப்போது குறித்து வைக்கட்டும். மெக்கானிக்கிடம் யந்திரத்தோடு அக்குறிப்பையும் காட்டினால், பாதி வேலை முடிந்ததாகும். ஒரு சமயத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்தபின்னரே அடுத்ததில் கை வைக்க வேண்டும்.

யந்திரம் சங்கத்தின் சொத்து. சங்கமோ நம் அனைவருடையது. அடுத்த மழைக்குமுன் ஒரு நாள் அதைப் புஞ்சையில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.